ஊரில் ஓர் ஆந்தைக் குழு: முதல் இரவிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

ஆந்தைகளுக்காக ஒரு தன்னார்வக் குழு தொடங்கப் போகிறோம் என்று சொன்னதும் எங்களிடம் வந்த முதல் கேள்வி: "ஏன், வேற பறவையே கிடைக்கலையா?" கேட்டவர் எங்கள் தெரு டீக்கடைக்காரர். இரண்டு ஆண்டு கழித்து, கடைக்குப் பின்னால் இருக்கும் பாழடைந்த நெல் கிடங்கில் கூகை (வெள்ளை முக ஆந்தை) குஞ்சு பொரித்திருக்கிறது என்று முதலில் போன் செய்தவரும் அவர்தான்.

பறவை பார்ப்பவர்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு இட்லி சாப்பிடத் திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆந்தை தூங்கும். அதனால் ஏரிக்கு வரும் வாத்துகளைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு வீட்டு மாடியில் உட்காரும் ஆந்தையைப் பற்றித் தெரியாது. வேறு ஊர்களில் இதற்கென்றே ஆட்கள் கூடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1988இல் தொடங்கிய பார்ன் அவுல் டிரஸ்ட் கூகை ஒன்றுக்காகவே இயங்குகிறது. புனே பக்கம் பிங்கோரி கிராமத்தில் ஈலா ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆந்தைக்குத் திருவிழாவே நடத்தியிருக்கிறது. நான் எழுதப் போவது அந்த அளவுக்குப் பெரிய ஏற்பாடு பற்றியல்ல. தமிழ்நாட்டுச் சமவெளியில், வயலும் கோயிலும் பனைமரமும் உள்ள ஓர் ஊரில், ஐந்தாறு பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

முதல் படி: ஆள் சேருங்கள், பதிவு அப்புறம்

பலர் லோகோவில் தொடங்கி, பனியனில் அச்சடித்து, அதோடு நின்றுவிடுகிறார்கள். சங்கமாகப் பதிவு செய்ய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விதிமுறைகளோடு விண்ணப்பிக்க வேண்டும். பணம் வாங்கவோ, அரசுத் துறையோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யவோ தேவை வந்தால் அப்போது செய்து கொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு ஒரு நோட்டும், மாதத்தில் ஓர் இரவை ஒதுக்கத் தயாராக இருக்கும் நான்கு பேரும் போதும்.

அந்த நான்கு பேரில் ஒருவருக்கு எழுத்து ஒழுங்காக வர வேண்டும். ஒருவர் அந்த ஊரிலேயே விவசாயம் செய்பவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒருவருக்குப் பேச்சு வர வேண்டும். ஏன் என்பது கீழே புரியும். நல்ல கேமரா வைத்திருப்பவர் கட்டாயமில்லை. சொல்லப் போனால் முதல் ஆண்டில் அவர் இல்லாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பாதுகாப்பு விதிகளை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். யாரும் தனியாகப் போகக் கூடாது. காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு புளியமரத்தை அண்ணாந்து பார்க்கும் நான்கு பேரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள், வரப்பில் பாம்பு இருக்கும். பாம்பை விட எனக்குப் பயம் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுதான். பகலில் நடந்து பார்க்காத பாதையில் இரவில் நடக்காதீர்கள்.

இரண்டாம் படி: காதைப் பழக்குங்கள்

ஆந்தையைப் பெரும்பாலும் காதால்தான் பார்க்க முடியும். பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆந்தை, கூகை, கோட்டான், சாக்குருவி என்று ஒரே பறவைக்கு நான்கு பெயர் இருக்கும், ஒரே பெயரில் நான்கு பறவையும் இருக்கும். அதனால் பெயரைவிடக் குரலை நம்புங்கள்.

கூகை அலறும் என்று கதைகளில் படித்திருப்போம். உண்மையில் அது "கிரீச்ச்" என்று துணி கிழிவதைப் போலக் கத்தும். இதய வடிவ வெள்ளை முகம், அடிப்பக்கம் வெளுப்பு. கோயில் கோபுரம், பழைய பங்களா, பயன்படாத தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் வசிக்கும். குஞ்சுகள் பசித்தால் விடாமல் "ஸ்ஸ்ஸ்" என்று சீறும். பரணில் பாம்பு புகுந்துவிட்டது என்று வரும் போன்களில் சில இந்தக் குஞ்சுகளைப் பற்றியவை.

புள்ளி ஆந்தையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, மஞ்சள் கண், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பொழுது சாய்வதற்கு முன்பே மின்கம்பியில் வந்து உட்கார்ந்து, இரண்டு மூன்றாகச் சேர்ந்து கீச்சுக் கீச்சென்று சண்டை போடுவது போலக் கத்தும். குழு தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது, முதல் மாலையே கண்ணில் பட்டுவிடும்.

கொம்பன் ஆந்தை பெரியது, காதுபோல் இரண்டு இறகுக் கொம்பு தெரியும். பாறைக்குன்று, கைவிட்ட கல்குவாரி, ஓடை அரித்த செம்மண் சரிவு ஆகியவை அதன் இடம். "பு-பூஊ" என்ற ஆழ்ந்த குரல் அரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். பாறை விளிம்பிலேயே தரையில் முட்டையிடும். ஆற்றங்கரை மரங்களில் பூமன் ஆந்தை இருக்கலாம். மீனும் நண்டும் அதற்கு உணவு, அதனால் காலில் இறகு இருக்காது.

மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் நடுக்கத்தோடு இழுத்து இழுத்து ஒரு குரல் கேட்டால் அது பொரிப்புள்ளி ஆந்தை. எங்கள் பக்கத்துப் பேய்க் கதைகளில் பாதிக்கு இந்தப் பறவைதான் பின்னணிக் குரல் கொடுத்திருக்கும் என்பது என் சந்தேகம். சில நொடிகளுக்கு ஒருமுறை, தவளை கேள்வி கேட்பது போல ஒற்றை "வுக்?" வந்தால் அது சின்னக் கொம்புள்ள ஆந்தை. பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் அதை ஓராண்டு முழுதும் கேட்டும் பார்க்காதவர்கள் உண்டு.

"சக்-சக்-சக்" என்று தரையிலிருந்து வருவது பக்கி. அது ஆந்தை இல்லை. நள்ளிரவில் கத்தும் ஆள்காட்டியும் புதியவர்களை ஏமாற்றும்.

மூன்றாம் படி: இரவில் விழித்திருப்பவர்களைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்வதானால் இதை எடுத்துக் கொள்ளுங்கள். ஆந்தையைத் தேடி அலைவதைவிட, ஆந்தையோடு சேர்ந்து விழித்திருக்கும் ஆட்களைத் தேடுவது பலன் தரும்.

நாங்கள் முதல் மூன்று மாதம் கூகை கூடு ஒன்றைத் தேடி நடையாக நடந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் இரவு, மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கூப்பிட்டார். "என்ன தம்பி, ஆடு காணாமப் போச்சா?" விஷயத்தைச் சொன்னோம். "வெள்ளை மூஞ்சியா? அந்தப் பழைய ரைஸ்மில் புகைக்கூண்டுல நாலு வருஷமா இருக்கே. இதுக்கா இந்த நடை நடந்தீங்க?" என்றார். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் தண்ணீர் கட்ட அவர் விழித்திருப்பார். அவருக்குத் தெரியாத பறவை அந்த வயலில் இல்லை.

அப்போதிலிருந்து எங்களிடம் இரவு ஆட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கோயில் காவலர், செங்கல் சூளையில் தீ பார்ப்பவர், அதிகாலைப் பால்காரர், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருப்பவர், கடைசிப் பேருந்து நடத்துநர், வயல் எலி பிடிப்பவர். இவர்களிடம் போகும்போது நோட்டை நீட்டிக் கேள்வி கேட்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து, குரலைக் காட்டி, "இது மாதிரி கேட்டிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டால் போதும். அவர் சொன்னதை வைத்து ஒரு பறவையைக் கண்டுபிடித்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால் நாங்கள் இழந்த நண்பர்கள் உண்டு.

நான்காம் படி: ஒரே பாதை, ஒரே நடை

இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். வயல், தோப்பு, குடியிருப்பு மூன்றும் அதில் வரட்டும். 400 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் குறியுங்கள். மாதம் ஒருமுறை, பொழுது சாய்ந்த அரை மணி நேரத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் இரண்டு நிமிடம் காத்திருந்து, நீங்கள் நடந்து வந்த சத்தம் அடங்கியதும் பத்து நிமிடம் காது கொடுங்கள். பேசக் கூடாது, போன் கூடாது.

எழுத வேண்டியவை: நேரம், காற்று, மேகம், நிலா, பக்கத்து இரைச்சல் (கல்யாண மண்டபம், கதிர் அறுக்கும் இயந்திரம்), எந்தக் குரல், எந்தத் திசை, கிட்டவா தூரமா. நூறு மீட்டரா நூற்றைம்பதா என்று இருட்டில் யாராலும் சொல்ல முடியாது, கிட்ட, தூரம் என்ற இரண்டு போதும். மழையிலும் பலத்த காற்றிலும் போக வேண்டாம்.

ஒன்றும் கேட்காத இரவையும் எழுதுங்கள். இதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாத விஷயம். "ஒண்ணும் இல்லை, அதான் எழுதலை" என்பார்கள். மூன்று ஆண்டு கழித்து ஒரு தோப்பில் ஆந்தை இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், அந்தப் பூஜ்யங்கள்தான் சாட்சி.

குரலை ஒலிபெருக்கியில் போட்டு ஆந்தையை வரவழைப்பது பற்றி: வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறைமையோடு, அளவோடு செய்வார்கள். நாம் செய்தால் அது பொழுதுபோக்கு. அந்தக் குரலைக் கேட்ட பறவை, தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று கூட்டை விட்டு வந்து சண்டைக்கு நிற்கும். முதல் ஆண்டில் நாங்களும் ஒருமுறை செய்தோம். புள்ளி ஆந்தை ஜோடி முக்கால் மணி நேரம் எங்கள் தலைக்கு மேலேயே கத்திக் கொண்டிருந்தது. பின்னால் பொந்தில் குஞ்சுகள் பட்டினி. அதற்குப் பிறகு ஸ்பீக்கரைக் கொண்டு வரவில்லை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டுங்கள், நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள்.

பதிவில் பொய் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. காட்டுச் சிற்றாந்தை என்று ஒரு சிறு ஆந்தை. 1873இல் ஹ்யூம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1884க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 1914இல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய அதிகாரி சொல்லி வைத்திருந்தார், அதை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மாதிரியைத் திருடி, பொய்ச் சீட்டு ஒட்டியிருக்கிறார் மனிதர். அந்தப் புரட்டைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன், குஜராத் பதிவை ஒதுக்கிவிட்டு மற்ற பழைய சீட்டுகள் சொன்ன இடத்துக்குப் போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாடா அருகே அவரும் பென் கிங்கும் டேவிட் அபாட்டும் அந்த ஆந்தையை உயிரோடு பார்த்தார்கள். 113 ஆண்டு. நோட்டில் "இருக்கலாம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "இருந்தது" என்று எழுதும் கை எங்கள் குழுவில் யாருக்காவது வந்தால் இந்தக் கதையைத்தான் சொல்வோம்.

ஐந்தாம் படி: கக்கல் உருண்டைகள்

எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை இது. ஆந்தை இரையை முழுசாகவோ பெரிய துண்டாகவோ விழுங்கும். சதை செரித்துவிடும். மயிரும் எலும்பும் ஓர் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியே வரும். கழுகு, பருந்தும் இப்படிக் கக்கும், ஆனால் ஆந்தையின் வயிற்று அமிலம் அத்தனை கடுமை இல்லாததால் எலும்புகள் ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கும். கூகை நாளுக்கு ஒன்றிரண்டு உருண்டை கக்கும். ஈரமாக இருக்கும்போது கறுப்பு வார்னிஷ் பூசியது போல மின்னும்.

பறவை பகலில் தங்கும் இடத்தின் கீழே, அது இல்லாத நேரத்தில், உரிமையாளரின் அனுமதியோடு பொறுக்குங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம். அந்த இடங்களில் வௌவால் எச்சமும் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒவ்வொரு உருண்டையும் தனித் தாளில், தேதியும் இடமும் எழுதி வையுங்கள். நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் உறையில் மூடி, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சிப் புழு செத்துவிடும். (வீட்டு ஃப்ரீசர் என்றால் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.)

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளைத் தட்டில் முள்ளெடுக்கும் இடுக்கியால் பிரியுங்கள். மண்டையோடும் கீழ்த்தாடையும் முக்கியம். இடது தாடைகளைத் தனியே, வலது தாடைகளைத் தனியே எண்ணுங்கள். எது அதிகமோ அத்தனை விலங்காவது அந்த உருண்டையில் இருந்திருக்கிறது. முன்பல் மஞ்சளோ ஆரஞ்சோ ஆகி, அதற்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் எலி. இடைவெளியே இல்லாமல் ஊசி ஊசியாகப் பல் வரிசை இருந்தால் மூஞ்சூறு. புள்ளி ஆந்தையின் உருண்டை சின்னதாக, உதிரியாக, வண்டு ஓடும் பூச்சிக் காலுமாக இருக்கும்.

காவிரிப் படுகையில் மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரி ஆய்வாளர்கள் கூகையின் உணவை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். வயலில் வளை தோண்டும் கரும்பெலி வகைகள், வெள்ளெலி, வயல் சுண்டெலி, மூஞ்சூறு இவைதான் அதன் சாப்பாடு. புதுச்சேரிப் பக்கம் கொம்பன் ஆந்தையின் உணவைப் பற்றி எரிக் ராமானுஜம் பல ஆண்டு எழுதியிருக்கிறார். ஒரு கூகை ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் எலி தின்னும் என்று போனில் சுற்றும் எண்களை நம்பிக் கூட்டத்தில் பேசாதீர்கள். உங்கள் ஊர் உருண்டைகளை எண்ணி, "நம்ம ரைஸ்மில்லுக்குக் கீழே ஐம்பது உருண்டை பார்த்தோம், இத்தனை எலி மண்டை" என்று தட்டில் பரப்பிக் காட்டுங்கள். விவசாயி குனிந்து பார்ப்பார்.

ஆறாம் படி: கூட்டின் ரகசியம்

கூடு தெரிந்தவர்கள் எண்ணிக்கை குழுவிலும் குறைவாகவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இடக்குறி அனுப்பக் கூடாது. படத்தில் கோபுரமோ பெயர்ப்பலகையோ தெரியக் கூடாது. கேமராக்காரர் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். ஒரு நல்ல படம் வெளியே போனால் அடுத்த ஞாயிறு பத்து கார் வரும். அதைவிட மோசம், பிடிப்பவரும் அதே படத்தைப் பார்ப்பார்.

கூட்டுக்கு வரும் பெரிய ஆபத்து நல்ல காரியங்களின் வடிவில் வரும். முதலாவது, கோயில் திருப்பணி. கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தில் சாரம் கட்டும்போது மாடக்குழிகளைச் சுத்தம் செய்து, புறா வராமல் வலை அடித்துவிடுவார்கள். உள்ளே கூகைக் குஞ்சு இருந்தால் முடிந்தது கதை. பாலாலயம் (திருப்பணிக்கு முன் சாமியைத் தற்காலிகமாக வேறிடம் மாற்றும் சடங்கு) நடக்கும் செய்தி வந்ததுமே செயல் அலுவலரையும் ஸ்தபதியையும் பாருங்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள், யாரும் நிறுத்த மாட்டார்கள். "இந்த ஒரு நிலைக்கு மட்டும் கடைசியில வாங்க" என்று கேளுங்கள். கூகையின் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் தேதியை வைத்துப் பேசலாம். முட்டைகள் ஒரே நாளில் பொரிக்காது, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிக்கும். கூட்டில் அண்ணனும் கடைக்குட்டியும் அளவில் அவ்வளவு வித்தியாசமாக இருப்பதைப் பார்த்துக் கடைசி ஒன்று நோயாளி என்று நினைத்துவிட வேண்டாம்.

இரண்டாவது, மரம். சாலை அகலமாகும்போது போகும் புளியமரங்களிலும், தலை போன பனையிலும்தான் பொந்து இருக்கும். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பட்டுப்போன மொட்டைப் பனைதானே என்று யாரும் கவலைப்படுவதில்லை. பொந்து இருப்பதோ அதில்தான்.

ஏழாம் படி: பெட்டி, தாங்கி, எலி மருந்து

எல்லோரும் முதலில் கேட்பது பெட்டி. இஸ்ரேலில் ஸ்டே எலியாஹு என்ற கூட்டுப்பண்ணையில் 1983இல் கூகைக்குப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள். பின்னாளில் எல்லைக்கு அப்பால் ஜோர்டான் விவசாயிகளும் பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்து கொண்டார்கள். மலேசிய எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் பெட்டிகள் உண்டு. ஆனால் பெட்டி வைத்தால் ஆந்தை வரும் என்பது உறுதியில்லை. ஏற்கனவே கூகை நடமாடும் இடத்தில், இருந்த பொந்து போய்விட்டது என்றால் வையுங்கள்.

தரை 60க்கு 40 சென்டிமீட்டர் இருக்கட்டும். முக்கியமான அளவு வேறு: நுழைவாயின் அடிவிளிம்பு, பெட்டியின் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் குஞ்சு பசியில் வாசலுக்கு ஏறிக் கீழே விழும். கடையில் அழகாக விற்கும் பல பெட்டிகள் இதில்தான் தவறு செய்கின்றன. நம் வெயிலுக்குத் தகரம் ஆகாது, உள்ளே வெந்துவிடும். பலகையில் செய்து, நிழலில், மேல் பக்கம் காற்றுத் துளை விட்டு, சுத்தம் செய்ய ஒரு கதவும் வையுங்கள். வாசல் மேற்கு வெயிலைப் பார்க்க வேண்டாம்.

பெட்டியைவிட எளியது வயலில் நடும் பறவை தாங்கி. மூங்கிலில் ஒரு கம்பு, குறுக்கே ஒரு கம்பு. ஆந்தை உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் கிடைக்கும். நெல் பால் பிடிக்கும்போது எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் அதே கம்பில் கதிர் தின்னும் பறவை உட்காரும்.

இதையெல்லாம் செய்துவிட்டு எலி மருந்தை விட்டுவிட்டால் எல்லாம் வீண். புரோமடியோலோன் போன்ற மருந்துகள் எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறையும் தன்மையை மெல்ல மெல்லக் கெடுக்கும். சில நாள் தள்ளாடித் திரியும் அந்த எலியைப் பிடிப்பது ஆந்தைக்குச் சுலபம், மருந்து அதன் ஈரலுக்குப் போய்ச் சேரும். "மருந்து வைக்காதீங்க" என்று வெறுமனே சொல்லும் உரிமை நமக்கு இல்லை. சம்பா நெல்லை எலி வெட்டினால் நட்டம் அவருக்குத்தான். தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி இருக்கிறது. அதை வைக்கத் தெரிந்த எலி பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரப்பைச் சின்னதாக வைத்தால் வளை குறையும். பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் கிட்டி வைத்தால் பலன் உண்டு. இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுப்பதும் ஆந்தைக் குழுவின் வேலைதான். எங்கள் நோட்டில் இரண்டாம் ஆண்டில் எலி பிடிப்பவரின் பெயரும் கூலியும் ஆந்தைப் பெயர்களைவிட அதிக முறை வந்திருந்தது.

எட்டாம் படி: அடிபட்ட ஆந்தை

குழு இருக்கிறது என்று தெரிந்ததும் போன் வரத் தொடங்கும். முதல் கேள்வி: குஞ்சா, பெரியதா? புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் சரியாகப் பறக்கத் தெரியாமலே பொந்தைவிட்டு வந்துவிடும். கீழே விழுந்தது அடிபடாமல் துறுதுறுவென்று இருந்தால், நாய் எட்டாத கிளையில், அதே மரத்தில் வைத்துவிட்டுத் தூரப் போய்விடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. பொழுது சாய்ந்ததும் வந்து ஊட்டும். குஞ்சை வீட்டுக்குத் தூக்கி வருவது மீட்பு அல்ல, பெரும்பாலும் கடத்தல்.

பெரிய பறவை பகலில் தரையில் உட்கார்ந்து காகங்களிடம் அடி வாங்கிக் கொண்டிருந்தால் ஏதோ கோளாறு. தடித்த துண்டைப் பின்பக்கமாகப் போர்த்தி, இறக்கையோடு சேர்த்து எடுங்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து, கால்களைப் பிடிமானத்தில் வையுங்கள். துளையிட்ட அட்டைப்பெட்டி, கீழே பழைய துணி, இருட்டு, அமைதி, அவ்வளவுதான். பால், சோறு, பிரெட் எதுவும் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனச்சரகரின் எண்ணும், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரின் எண்ணும் ஒவ்வொருவர் போனிலும் இருக்க வேண்டும். மாஞ்சா நூலில் சிக்கியிருந்தால் நூலை இழுக்காமல், இரண்டு பக்கமும் வெட்டி, மரத்திலிருந்து விடுவித்து, காயத்தில் சுற்றியதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுதும் தடை செய்த பிறகும் அந்த நூல் மரத்தில் தொங்கிக் கொண்டுதான் இருக்கிறது.

எத்தனை ஆசையாக இருந்தாலும் வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972 ஆந்தைகளைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். காலில் வளையம் போடுவது, இரவில் காப்புக்காட்டுக்குள் போவது எல்லாம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை.

விற்பனை உண்டா என்றால், உண்டு. 2010இல், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு வெளியிட்ட அறிக்கை, நாட்டிலுள்ள சுமார் 30 வகை ஆந்தைகளில் 15 வகை வணிகத்தில் பிடிபடுவதாகச் சொன்னது. மாந்திரீகமும் பலியும்தான் காரணம், தீபாவளி அமாவாசையை ஒட்டி இது கூடும். யாராவது ஆந்தை கேட்டு அலைகிறார் என்று காதில் விழுந்தால், வாங்குபவர் போல நடித்துத் துப்பறியப் போகாதீர்கள். அது சினிமா. கேட்டதை வனத்துறையிடம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

ஒன்பதாம் படி: சகுனம் பேசுபவர்களிடம் பேசுவது

"மூடநம்பிக்கை" என்ற சொல்லோடு தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கிழவிகள் கணக்கே வேறு. ஆந்தை ஒருமுறை கத்தினால் சாவு, இரண்டு முறை கத்தினால் நினைத்த காரியம் கைகூடும் என்றும் சொல்வார்கள். "அப்ப இரண்டாவது தரம் கத்தினதையும் எண்ணினீங்களா ஆத்தா?" என்று கேட்டால் சிரிப்பு வரும், பேச்சு தொடரும். சங்கப் பாட்டில் ஒரு தோழி, காதலன் வரும் இரவில் சத்தம் போடாதே, நெய்ச்சோறும் எலிக்கறியும் தருகிறேன் என்று கூகையிடம் பேரம் பேசுகிறாள். கூகை எலி தின்னும் என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரியும். பள்ளிகளில் இதைச் சொல்லிவிட்டு, தட்டில் எலி மண்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். உரை தேவைப்படாது.

மூன்றாம் ஆண்டு

இதற்குள் நான்கு பேரில் ஒருவர் வேலை மாறிப் போயிருப்பார், ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். பதிவு செய்வதானால் இப்போது செய்யலாம். வரவுசெலவை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள், ஐந்நூறு ரூபாய் கணக்கில் உடைந்த குழுக்களை எனக்குத் தெரியும். நடைப் பதிவுகளை ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள், கூடுகளின் இடத்தை மட்டும் உங்கள் நோட்டிலேயே வைத்துக் கொள்ளுங்கள். அந்த நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து வேறொருவர் வீட்டில் வையுங்கள். எங்களுடைய இரண்டாம் ஆண்டு நோட்டு ஓர் ஐப்பசி மழையில் மோட்டார் கொட்டகையில் நனைந்து கூழாகிவிட்டது. ரைஸ்மில் கூகை எந்த மாதம் முட்டையிட்டது என்று இப்போது அந்தப் பெரியவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நினைவிருக்கிறது. தாளடி நடவு முடிந்த மறுவாரமாம்.